அலிஃபும் ஆனாவும்: கொட்டியாரக் குடாவில் எழுத்துக் கூட்டிய வரலாறு

எமது பக்கத்துப் பாடசாலைகளில் ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் வாசகம் ஒன்று உண்டு: "ஓதுவான், வாசிக்கமாட்டான்." தரம் 4இல் இருக்கும் ஒரு பையனைப் பற்றிய தீர்ப்பு அது. சுபஹுக்குப் பின் மத்ரஸாவில் குர்ஆனைத் தடக்கமின்றி ஓதிவிட்டு வருகிறான். ஏழரை மணிக்குப் பாடசாலையில் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறான். பக்கத்திலுள்ள படத்தைப் பார்த்து, "கடல்" என்று இருக்கும் இடத்தில் "மீன்" என்கிறான். ஆசிரியர் திருத்தினால் அடுத்த முறை அதே சொல்லை "படகு" என்கிறான்.

கிண்ணியாவில் நெடுங்காலம் சிறு வகுப்புகளுக்குப் படிப்பித்தவன் என்ற முறையில் அந்த வாசகத்தை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது பையனைப் பற்றிய தீர்ப்பு அல்ல, எங்களைப் பற்றியது என்பது விளங்கப் பல வருடங்கள் சென்றன. அரபு அவனுடைய வீட்டு மொழி இல்லை. தமிழ் தாய்மொழி. தெரியாத மொழியின் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தெரிந்த மொழியின் எழுத்தைக் கூட்டத் தெரியவில்லை என்றால், புத்தியில் குறை இருக்க முடியாது. படிப்பித்த முறையில்தான் எங்கோ பிசகு இருக்க வேண்டும். அந்தப் பிசகு எங்கே தொடங்கியது என்று தேடிப்போனதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஓதப்பள்ளியில் என்ன நடந்தது என்று பார்ப்போம். என் உம்மம்மா ஓதிய காலத்தில் கடதாசி கிடையாது. ஒரு மரப்பலகை. அதில் லெப்பை மசியால் எழுதிக் கொடுப்பார். பாடம் பாடமான பிறகு கழுவிவிட்டு அடுத்ததை எழுதுவார். முதலில் வெறும் எழுத்துகள்: அலிஃப், பே, தே, ஸே, ஜீம். வரிசையாகச் சொல்லிவிட்டால் மட்டும் லெப்பை விடமாட்டார். ஈர்க்குக் குச்சியால் நடுவிலுள்ள ஒன்றைத் தொடுவார், பிறகு கடைசியில் உள்ளதை, பிறகு மேலே ஒன்றை. கிளிப்பிள்ளை போல வரிசையை மனனம் செய்த பிள்ளை அங்கே அகப்பட்டுவிடும். இதைக் கல்வியியல் நூல் எதிலும் படித்து அவர் செய்யவில்லை.

அடுத்த படிதான் முக்கியமானது. அலிஃப் ஸபர் அ, அலிஃப் ஸேர் இ, அலிஃப் பேஷ் உ. பே ஸபர் ப, பே ஸேர் பி, பே பேஷ் பு. இப்படியே 28 எழுத்துகளுக்கும் ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். ஸபர், ஸேர், பேஷ் என்பவை பாரசீகச் சொற்கள். இந்தியாவின் ஓதப்பள்ளிகளின் வழியாக நம்மிடம் வந்தவை. அரபியில் அவற்றுக்கு பத்ஹா, கஸ்ரா, ளம்மா என்று பெயர். பிறகு இரண்டு ஸபர் அன், இரண்டு ஸேர் இன், இரண்டு பேஷ் உன். அதன் பின் ஓசையில்லாத எழுத்தைச் சேர்ப்பது: அலிஃப் பே ஸபர் அப். பிறகு ஷத்து. கடைசியில் முழுச்சொல்: பே ஸீன் ஸேர் பிஸ், மீம் ஸேர் மி, பிஸ்மி.

இதை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் அதன் ஒலியிலேயே போய் முடிகிறது. 'பே ஸபர்' என்பது எழுத்தின் பெயரும் குறியின் பெயரும். 'ப' என்பது அவை சேர்ந்து தரும் ஒலி. பெயரையும் ஒலியையும் பிள்ளை குழப்பிக்கொள்ள இடமில்லை. எழுத்து, குறி, கூட்டொலி, சொல் என்று நான்கு படியும் ஒரே மூச்சில் நடந்துவிடுகின்றன. இன்று ஆங்கில நாடுகளில் ஃபொனிக்ஸ் என்று பெரிதாகப் பேசப்படும் ஒலிவழி வாசிப்பின் உயிர்நாடி இந்தக் கூட்டல்தான்.

இந்தக் குறிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆரம்பக் காலக் குர்ஆன் பிரதிகளில் உயிர்க்குறிகள் இல்லை. அரபு பேசுபவனுக்கு அவை தேவைப்படவும் இல்லை. சொல் தெரியும், ஆகவே ஒலியும் தெரியும். இஸ்லாம் அரபுலகைத் தாண்டிப் பரவி, அரபு தெரியாதவர்கள் ஓத முயன்று பிழைவிட்டபோதே தேவை எழுந்தது. 7ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் அபுல் அஸ்வத் அத்துஅலீ வேறு நிற மையால் புள்ளியிட்டு உயிரொலியைக் காட்டினார் என்று அரபு இலக்கண மரபு சொல்கிறது. இன்று நாம் காணும் ஸபர், ஸேர், பேஷ் வடிவங்கள் 8ஆம் நூற்றாண்டின் கலீல் இப்னு அஹ்மதுடையவை என்பர். அதாவது கிண்ணியாப் பிள்ளை போன்ற ஒருவனுக்காகவே, அந்த மொழி தெரியாத வாசகனுக்காகவே, அந்தக் குறிகள் பிறந்தன. படிப்பிக்கும் முறையும் அவற்றுடன் ஒட்டியே வந்தது.

தமிழின் கதை வேறு. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளியே அடையாளம் என்றது. விதி அப்படி இருந்தாலும் ஓலையில் அது நிற்கவில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள்; காரணம் எதுவானாலும், ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை. எனவே க, க் இரண்டும் ஒன்றுபோலக் கிடக்கும். எகரமும் ஏகாரமும் அப்படியே. அரவும் ரகரமும் ஒரே கோடு. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவம் வகுத்ததற்கும் அச்சு புள்ளியை நிலைநிறுத்தியதற்கும் முன்பு, ஒரு தமிழ் ஏட்டை எழுத்துக் கூட்டி வாசிப்பது தொடக்கப் பிள்ளைக்கு ஆகக்கூடிய காரியமே அல்ல. சொல்லை முன்பே அறிந்தவன்தான் வாசிப்பான்.

அதனால்தான் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனனம் அவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்தது. முதலில் பாட்டை நெட்டுரு போடு, பிறகு ஏட்டைப் பார், கண் தானாகப் பழகும் என்பது அந்த முறை. நம்மில் பலர் அதை மூட முறை என்று எழுதித் தள்ளிவிட்டோம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. புள்ளி இல்லாத எழுத்துக்கு அதுவே பொருத்தமான முறை. பிசகு பிறகு நடந்தது: அச்சு வந்து, புள்ளி வந்து, எழுத்து தெளிவான பின்பும் முறை பழையதாகவே தொடர்ந்தது.

திண்ணைப் பள்ளியின் இன்னொரு பாதி மணல். இந்த இடத்தில் எங்கள் குடாவுக்கே ஒரு சாட்சி உண்டு. 1659இன் இறுதியில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் ரொபட் நொக்ஸையும் பிடித்துச் சென்றார்கள். மூதூரில் அவர்கள் இருந்த இடம் என்று ஒரு புளியமரத்தடியை இன்றும் காட்டுவார்கள். 19 வருடங்கள் மலைநாட்டில் சிறையிருந்து 1679இல் தப்பிய நொக்ஸ், 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டார். மலைநாட்டுச் சிங்களவர் எழுதப் பழகும் விதத்தை அதில் அவர் விவரிக்கிறார்: நிலத்தில் மணலைப் பரப்பி, கையால் மட்டமாக்கி, விரலால் எழுத்துகளை எழுதிக் கையைப் பழக்குவார்கள். பேசிய மொழி வேறு, மன்னன் வேறு; மணல் ஒன்றுதான்.

நூற்றுச் சொச்சம் வருடங்களுக்குப் பின் அதே மணல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், ஒருநாள் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தன் இல்லத்திலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மறுத்தார்கள். அவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பிடித்துக் கீழ்வகுப்புக்கு எழுத்துப் படிப்பிக்க வைத்தார். அது பலித்தது. 1797இல் இலண்டனில் அவர் அச்சிட்ட அறிக்கையிலிருந்து 'மெட்ராஸ் முறை' பிறந்தது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது அதன் முதல் அங்கம், மணற்பலகை இன்னொன்று. பிரித்தானியாவின் ஏழைப் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் இந்த முறையில் எழுத்தறிந்தார்கள். 1795இல் சென்னையிலிருந்து வந்த ஆங்கிலப் படை டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்ததும், 1798 வரை இலங்கையின் கரையோரம் சென்னையிலிருந்தே ஆளப்பட்டதும் ஏறத்தாழ இதே வருடங்கள்தாம். துறைமுகத்தைக் கொண்டுபோனவர்களே மணற்பலகையையும் கொண்டுபோனார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். (மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் ஓதப்பள்ளியிலும் இருந்தது. லெப்பை வயல் பார்க்கப் போனால் ராத்தாமார்தான் லெப்பை.)

விரல் மணலில் ஓடும்போது வாய் ஒலியைச் சொல்ல வேண்டும். கண், கை, வாய் மூன்றும் ஒன்றாகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரியா மொண்டிசோரி மணற்கடதாசியில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, பிள்ளை விரலால் தடவிக்கொண்டே எழுத்தின் பெயரை அல்லாமல் ஒலியைச் சொல்லும்படி செய்தார். 1939இல் அவரே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இன்று எங்கள் ஊரில் முன்பள்ளிக்கே மொண்டிசோரி என்றுதான் பெயர். அவற்றில் கால்வாசியிலாவது மணலோ மணற்கடதாசியோ இருக்கிறதா என்று தேடினால் ஏமாற்றமே. பிளாஸ்டிக் மேசையும் கலர்ப் புத்தகமும் பட்டமளிப்பு அங்கியும்தான் இருக்கின்றன.

இனித் தமிழ்ப் பாடசாலைக்கு வருவோம். திருகோணமலை நகரில் மெதடிஸ்த மிஷனும் கத்தோலிக்க மிஷனும் 19ஆம் நூற்றாண்டிலேயே பள்ளிக்கூடங்கள் நடத்தின. 1897இல் இந்துக் கல்லூரி தோன்றியது. 1925இல் அதை இராமகிருஷ்ண மிஷன் ஏற்க, விபுலாநந்த அடிகள் அங்கே பணியாற்றினார். ஆறுமுக நாவலர் 1850 தொடக்கம் வெளியிட்ட பாலபாடங்கள் தமிழ்ப் பிள்ளைக்கு முதன்முதலாகப் படிமுறையான வாசிப்பு நூல்களைத் தந்திருந்தன. இவை யாவும் குடாவின் அந்தப் பக்கத்துக் கதை. இந்தப் பக்கத்தில் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் அரசாங்கப் பள்ளிக்கூடம் மெதுவாகவே வந்தது. மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை ஈமானை இழந்துவிடும் என்ற பயம் ஒருபுறம். கடலையும் ஆற்றையும் தாண்டி வர ஆசிரியர் இல்லாமை மறுபுறம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவுக்கு வரும் ஆசிரியர் 'பாதை'யில் ஏறித்தான் வந்தார். மூதூருக்கு லோஞ்சி. பாதை வராத நாளில் பாடமும் இல்லை.

வந்த பாடம் எப்படி இருந்தது? ஆனா, ஆவன்னா, கானா, ஙானா. இவை எழுத்தின் பெயர்கள். அகரம் குறில், அதன் பெயரோ 'ஆனா' என்று நெடிலில் தொடங்குகிறது. மகர மெய்க்கு 'இம்மன்னா'. இப்போது 'படம்' என்ற சொல்லைப் பிள்ளை கூட்டுகிறது: பானா, டானா, இம்மன்னா. இதை எத்தனை வேகமாகச் சொன்னாலும் 'படம்' வராது. பெயரிலிருந்து ஒலிக்குத் தாவ ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தைக் கெட்டிக்காரப் பிள்ளை தானே கட்டிக்கொள்ளும், மற்றது நிற்கும். 'பே ஸபர் ப' என்பதில் உள்ள கடைசி 'ப' தமிழ்க் கூட்டலில் இல்லை. முழு வித்தியாசமும் அந்த ஓரெழுத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலப் பிள்ளையும் இதே இடத்தில்தான் இடறுகிறது. சீ, ஏ, டீ என்று சொல்லிக் 'கெட்' என்ற பூனையை அடைவதற்கு அதுவும் ஒரு தாவல் தாவ வேண்டும்.

எங்கள் ஊர்களில் இந்த இரண்டு முறைகளும் சந்தித்த ஓர் இடம் இருந்தது. அது பாடசாலை அல்ல, வீடு. அங்கே அரபுத்தமிழ் இருந்தது.

அரபு எழுத்தில் தமிழை எழுதுவதற்கு, அரபியில் இல்லாத ட, ப, ண, ள, ழ முதலியவற்றுக்காக நம் முன்னோர் அரபு எழுத்துகளுக்கே புள்ளியும் வட்டமும் கூட்டிப் புது எழுத்துகள் ஆக்கினார்கள். எகர ஒகரங்களுக்குப் புதுக் குறிகள் செய்தார்கள். இவற்றின் பட்டியலை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விரிக்கத் தேவையில்லை. ஆனால் நமது ஆய்வாளர்கள் அரபுத்தமிழை இலக்கியமாகவும் மார்க்க நூலாகவும் பார்த்த அளவுக்கு, அதை வாசிப்புப் பயிற்சியாகப் பார்த்ததில்லை. ஓதப்பள்ளியில் எழுத்தைக் கூட்டப் பழகிய ஒரு பெண்பிள்ளை, அர்த்தம் தெரியாத குர்ஆனை ஓதி முடித்தவுடன், அதே கூட்டலைக்கொண்டு அர்த்தம் தெரிந்த ஒரு நூலைத் திறந்தாள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய 'பத்ஹுத் தய்யான்' போன்ற நூல்கள் அப்படித்தான் வீடுகளில் வாசிக்கப்பட்டன. எழுத்தைக் கூட்டினாள், ஒலி வந்தது, அந்த ஒலி அவள் வாயில் தினமும் புழங்கும் தமிழாக இருந்தது. ஒலியும் பொருளும் ஒன்றையொன்று கண்டுகொண்ட அந்தக் கணம்தான் வாசிப்பு.

இதற்குப் பக்கத்திலேயே ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் திருகோணமலைக் கோட்டைகளில் மலாய்ப் படைவீரர் இருந்தார்கள். அவர்களும் தமது மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். அதை 'குண்டுல்' என்றார்கள். மொட்டை என்பது அதன் பொருள். உயிர்க்குறி இல்லாத எழுத்து. 1869இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய் ஏடுகூட அந்த எழுத்தில் வந்தது. மொட்டை எழுத்து அறிந்தவனுக்கு விரைவானது, தொடங்குபவனுக்கு மதில். அரபுத்தமிழோ குறியை ஒருபோதும் விடவில்லை. ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் காலிலும் அது எப்படி ஒலிக்கும் என்று எழுதியிருந்தது. இன்னுமொன்று: கடலின் ககரத்தையும் தங்கத்தின் ககரத்தையும் தமிழ் ஒரே எழுத்தால் எழுதும், இடத்தைப் பார்த்து ஒலிக்க வேண்டும். அரபுத்தமிழில் இரண்டையும் வேறாக எழுத வழி இருந்தது. தொடக்கப் பிள்ளைக்கு அதைவிட இரக்கமான எழுத்து தமிழுக்கு வாய்த்ததில்லை என்றே நான் நினைக்கிறேன். மொழியியலாளர் மறுக்கட்டும்.

அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என் உம்மம்மா அரபுத்தமிழ்க் கிதாபுகளை இஷாவுக்குப் பின் குப்பி விளக்கில் அயல்பெண்களுக்கு வாசித்துக் காட்டியவர். காணி உறுதி எழுதப் போனபோது பெருவிரல் அடையாளம்தான் வைத்தார். அந்த உறுதி இன்னும் எங்களிடம் இருக்கிறது. தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. நீதிமன்றமும் கச்சேரியும் தபாற்கந்தோரும் அவருடைய எழுத்தை அறியவில்லை. சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கி, முஸ்லிம்கள் தமிழும் ஆங்கிலமும் கற்க வேண்டும், பெண்பிள்ளைகளும் கற்க வேண்டும் என்று மன்றாடியது இதனால்தான். அவர் சொன்னது சரி. 1945இன் இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் அந்த மன்றாட்டத்தை நிறைவேற்றின. என் உம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தது. ஆனால் தமிழ் எழுத்து வீட்டுக்குள் வந்த அதே கதவால் அரபுத்தமிழ் வெளியே போனது. போகும்போது கூட்டலையும் கொண்டுபோனது. மிஞ்சியவை இரண்டு: கூட்டல் உண்டு, பொருள் இல்லை என்ற மத்ரஸா, பொருள் உண்டு, கூட்டல் இல்லை என்ற பாடசாலை.

அதன் பிறகு பாடசாலையில் மாற்றங்கள் நடக்காமல் இல்லை. 1972இன் சீர்திருத்தத்தில் பாடசாலையில் சேரும் வயது 6 ஆனது. தமிழ்நாட்டில் 1978இல் ஏற்கப்பட்ட எழுத்துச் சீர்திருத்தம் பின்னர் எமது பாடநூல்களுக்கும் வந்து, யானைத் தும்பிக்கை போட்ட லை, னை, ணை போன்ற வடிவங்களிலிருந்து பிள்ளைகளை விடுவித்தது. 1999இல் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டும் செயற்பாடும் கொண்டுவந்தது. நல்ல எண்ணம். ஆனால் சொல்லை முழுப்படமாகக் கண்டு பழகட்டும், எழுத்து தானாக வரும் என்ற நம்பிக்கையும் கூடவே வகுப்பறைக்குள் நுழைந்தது. வீட்டில் கதைப்புத்தகம் உள்ள பிள்ளைக்கு அது தீங்கு செய்யவில்லை. இல்லாத பிள்ளை படத்தைப் பார்த்து ஊகிக்கப் பழகிக்கொண்டது.

நமது மாவட்டத்துப் பிள்ளைக்கு வீட்டில் புத்தகம் இருக்கவும் காலம் விடவில்லை. யுத்தம், 2004 டிசம்பர் 26இன் சுனாமி, 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு ஓடிய ஓட்டம். தரம் 1உம் 2உம்தான் எழுத்துக் கூட்டும் வயது. அந்த இரண்டு வருடத்தில் ஆறு மாதம் அகதி முகாமில் போனால், பிறகு எந்த வகுப்பும் திரும்பி வந்து அதைப் படிப்பிப்பதில்லை. முகாமொன்றில் ஓர் ஆசிரியை கரும்பலகையும் கொப்பியும் இல்லாமல் நிலத்தில் மணலைப் பரப்பிப் பிள்ளைகளை எழுத வைத்ததை நான் கண்டிருக்கிறேன். சோதனை அதிகாரி வந்தபோது வெட்கப்பட்டு அதைக் கூட்டி அள்ளிவிட்டார்.

உலகமும் இந்தச் சண்டையைச் சண்டையாகவே நடத்தியது. 1955இல் ருடோல்ஃப் ஃபிளெஷ் என்பவர் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்று கேட்டு எழுதிய நூலில், ஒலிமுறையைக் கைவிட்டதே காரணம் என்றார். நீண்ட விவாதத்தின் பின் 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு ஒலிமுறையைப் படிப்படியாக, ஒழுங்காகக் கற்பிப்பது பயன் தருகிறது என்று அறிக்கையிட்டது. கூடவே சரளமும் சொல்வளமும் பொருள்விளக்கமும் வேண்டும் என்றது. 2006இல் இங்கிலாந்தும் ஒலிமுறைக்கே திரும்பியது. நாம் இதை அப்படியே இறக்குமதி செய்யக் கூடாது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளுக்கு அலைகின்றன. நமது எழுத்து அசையெழுத்து. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக் 2007இல் காட்டியது நமக்கு அதிகம் பொருந்தும்: இத்தகைய எழுத்துகளில் உயிர்மெய்த் தொகுதி பெரிதாகையால், அவற்றைக் கற்று முடிக்கப் பிள்ளைக்கு மூன்று நான்கு வருடங்கள் தேவைப்படுகின்றன. தரம் 1இலேயே முடித்துவிட்டோம் என்று பதிவேட்டில் எழுதுவது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

247 எழுத்து என்று சொன்னாலே பிள்ளை மிரளும். உண்மையில் அது கற்க வேண்டியது 12 உயிர், 18 மெய், ஒரு சில குறிகள். மற்றவை கூட்டல். எழுத எளிய ட, ப, ம, ய முதலியவற்றில் தொடங்கினால் முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம், பயம் என்று முழுச்சொல் வந்துவிடும். பிறகு அரவு, பிறகு விசிறி. கு, சு, டு, து என்று ஆளுக்கொரு வடிவமெடுக்கும் உகர ஊகார வரிசையைக் கடைசிக்கு வைக்கலாம். கொம்பு இன்னொரு பொறி. 'கெ' என்பதில் கொம்பு முதலில் நிற்கிறது, ஒலியோ ககரத்தில் தொடங்குகிறது. பிள்ளையின் கண் இடமிருந்து வலம் போய் ஏமாறும் இடம் அது; தனியாக நின்று பழக்க வேண்டும்.

இந்த வரிசையை நான் ஒரே மாதிரியாகக் கடைப்பிடித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பையன்களில் ஒருவனை மதிய இடைவேளையில் பக்கத்தில் இருத்தி, ஓதப்பள்ளி ராகத்திலேயே ஆரம்பித்தேன்: பானாவுக்கு வெறும் ப, பானாவுக்கு அரவு பா, பானாவுக்கு விசிறி பி. அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பள்ளிவாசல் ராகத்தைப் பாடசாலையில் பாடலாமா என்ற பார்வை. பிறகு அவனே பிடித்துக்கொண்டான்: மானாவுக்கு வெறும் ம, மானாவுக்கு அரவு மா. மூன்றாம் நாள் 'பாடம்' என்று கரும்பலகையில் எழுதினேன். "பானாவுக்கு அரவு பா, டானாவுக்கு வெறும் ட, இம்மன்னா ம், பாடம்" என்றான். கிழமை ஒன்றரைக்குள் ராகம் தானாக உதிர்ந்து சொல் மட்டும் மிஞ்சியது. வாசிப்பு சரளமாக இன்னும் பல மாதம் சென்றது. பொருள் விளங்க அதைவிட அதிகம். ஆனால் அவன் படத்தைப் பார்த்து ஊகிப்பதை விட்டுவிட்டான்.

இதை அவனுடைய மத்ரஸா மௌலவியிடம் சொன்னேன். எனது பாடசாலை மதிலுக்கும் அவருடைய மத்ரஸா மதிலுக்கும் இடையில் ஒரு ஒழுங்கைதான். பதினைந்து வருடத்தில் நாங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசியது அதுவே முதற்தடவை.

"என்ன சேர், வாசிக்கமாட்டானா? எனக்கிட்ட மூணு ஜுஸ்உ முடிச்சிட்டானே" என்றார்.

"அதத்தான் மௌலவி நானும் யோசிக்கிறன். உங்களுக்கிட்ட கூட்டத் தெரிஞ்சவனுக்கு எனக்கிட்ட வந்தாக் கூட்டத் தெரியல்ல."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய மத்ரஸாவில் இப்போது ஸபர், ஸேர், பேஷ் இல்லை. பத்ஹா, கஸ்ரா, ளம்மா என்றே சொல்கிறார்கள், தஜ்வீத் முறைப்படி நூரானிக் காயிதா நடக்கிறது. பெயர் மாறினாலும் கூட்டல் அப்படியே இருக்கிறது என்று விளக்கினார். பிறகு உள்ளே போய்ப் பழைய அலுமாரியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். அவருடைய மூத்தவாப்பா ஓதிய பலகை. மசி ஊறிக் கறுத்து, ஓரம் தேய்ந்து, ஒரு மூலையில் அலிஃப் மாத்திரம் மங்கலாகத் தெரிந்தது.

"தரம் ரெண்டுப் புத்தகத்துல ஒண்டு தாங்க சேர்" என்றார். "வெள்ளிக்கிழமை கழிய ஒருக்காப் பாப்பம்."

அடுத்த நாள் காலை அதே பையனிடம் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினேன்.